அழுத பிள்ளையும் அரைப் பேரும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம்மவர் பழமொழி. கேளாதவனுக்கு எதுவும் கிட்டாது என்னும் உண்மையை உணர்த்தத் தொழிற்சங்க மேடைகளில் இதனை எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறோம். கேட்டவர்கள் கைதட்டியும் இருக்கிறார்கள். ஆயினும், உவமையாக வழங்கும் இம்மொழியின் நேர்ப்பொருளை நின்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே. அழுத பிள்ளை பால் குடிக்க வேண்டுமாயின், அவ்வழுகை தாயின் செவிக்கு எட்ட வேண்டும். எட்டிய பின்னர், கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு வர அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பிள்ளை அழும், பால் குடிக்காது.

இலங்கையின் மலைநாட்டில், அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், அழுகைக்கும் பாலுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டாக ஒரு மலை நின்றுகொண்டிருக்கிறது. தாய் மலையில், பிள்ளை லயத்தில், அல்லது பிள்ளை மடுவத்தில். அந்த இடைவெளியின் வரலாற்றையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். ஆளுநர்களின் வரலாற்றில் கைக்குழந்தையின் அழுகைக்கு இடமில்லை. உழைப்பின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதற்குச் செவிகொடாமல் இருத்தல் இயலாது.

சில திங்களுக்கு முன், பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு மாணவியைத் தேடி அவளுடைய லயத்துக்குச் சென்றோம். காம்பிராவின் வாசற்படியில் அவள் அமர்ந்திருந்தாள். மடியில் நான்கு மாதத் தம்பி. அழுது அழுது முகம் சிவந்திருந்த அக்குழந்தையை அவள் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அது கக்கிய பால் அவளுடைய பள்ளிச் சட்டையில் காய்ந்து கிடந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய், கூடையை இறக்கி வைக்குமுன்னரே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "ராவெல்லாம் ஒரே கத்தல், சேர். குடிச்ச பால அப்படியே கக்கிடுது. எம் பாலுதான் பிள்ளைக்குச் சேரல போல" என்றாள். அடுத்த காம்பிராக் கிழவி அது மாந்தம் என்றாள். தகப்பன் கண்ணூறு என்றான். கடைக்காரர் கிரைப் வாட்டர் கொடுக்கச் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் நிறை பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஆளுக்கு ஒரு காரணம் கூறினர். காலம் என்னும் காரணத்தை ஒருவரும் கூறவில்லை.

இயற்கை கூறுவது

பச்சிளங் குழந்தை பாலைக் கக்குவது பெரும்பாலும் நோயன்று. உணவுக் குழாயும் இரைப்பையும் கூடுமிடத்தில் வாயில் காப்போன் போல் ஒரு தசை வளையம் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். உணவோ நீர்மம், குழந்தையோ நாளின் பெரும் பகுதியைப் படுக்கையில் கழிப்பது. எனவே உள்ளே சென்ற பால் எதிர்க்களித்து மேலே வருகின்றது. அமெரிக்காவின் சிக்காகோ வட்டாரத்தில் செய்யப்பட்டு 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர் நாளுக்கு ஒரு முறையேனும் கக்குகின்றனர். நான்காம் மாதத்தில் மூவரில் இருவர் கக்குகின்றனர். ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்தொகை நூற்றுக்கு ஐந்தாகச் சுருங்கிவிடுகிறது.

அழுகைக்கும் இவ்வாறே ஓர் ஒழுங்கு உண்டு. பெரி பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர் எண்பது குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு குறித்து வைக்கச் செய்து, 1962ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணியாக உயர்ந்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தது. அழுகை மிகுவது மாலை வேளையிலேயே. நோயற்ற, நன்கு பால் குடிக்கும் குழந்தைகளின் கணக்கு இது.

மருந்து இதனை மாற்றுமா? இரைப்பையின் அமிலத்தை அடக்கும் ஒரு மருந்தைக் கக்கி அழும் 162 குழந்தைகளுக்கு வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரில் 54 விழுக்காட்டினர் தேறினர். மருந்தைப் போன்ற வெறும் பண்டத்தைப் பெற்றோரிலும் அதே 54 விழுக்காட்டினர் தேறினர். ஆனால் வேறொன்று பயன் தந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் ஹன்சிக்கர், பார் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கப்பட்ட குழந்தைகள், ஆறாம் வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பாலைநிலத்தில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த குங் மக்களின் குழந்தைகளைப் பற்றிய ஆய்வும் இதனையே கூறுகிறது. அக்குழந்தைகளும் ஏனையோரைப் போலவே அடிக்கடி அழத் தொடங்குகின்றன. ஆனால் எந்நேரமும் தாயின் உடலோடு இருப்பதால், தொடங்கிய அழுகை விரைவில் அடங்கிவிடுகிறது.

அழுகை இயற்கை, அதன் நீளமோ பெரிதும் மனிதர் கையில் உள்ளது. தூக்குவதற்குக் கைகள் வேண்டும். கைகளுக்கு ஓய்வு வேண்டும். இங்கேதான் மருத்துவம் முடிந்து வரலாறு தொடங்குகிறது.

முன்னோர் அறிந்ததும் அறியாததும்

நம் பாட்டிமார் இதனை முற்றிலும் அறியாதவரல்லர். "கக்குகிற பிள்ளை தக்கும்" என்று அவர்கள் கூறினர். கக்குவதால் பிள்ளைக்குக் கேடில்லை, அது நிலைத்து வளரும் என்பது இதன் பொருள். ஆய்வுக்கூடம் எண்ணிக் கண்டதை அவர்கள் மடியில் வைத்துக் கண்டனர். பாலூட்டியபின் தோளில் சாய்த்து ஏப்பம் வரும்வரை தட்டியதும், தொட்டிலை ஓயாமல் ஆட்டியதும், தாலாட்டியதும் பொருளற்ற செயல்கள் அல்ல. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிப்போர், அம்மக்கள் தங்கள் உழைப்பின் துயரையும் பிள்ளைகளின் மீதுள்ள பரிவையும் வாய்மொழியாகவே காத்து வந்த திறத்தை உணர்வர்.

ஆயினும் அதே மரபில் மற்றொரு போக்கும் உண்டு. அழுகைக்குக் காரணம் தேடி அது தாயின் மார்பிலேயே வந்து நின்றது. ஆயுர்வேத நூல்கள் தாய்ப்பாலின் குற்றங்களை வகைப்படுத்தி, குழந்தையின் நோய்களுக்கு அவற்றைக் காரணமாகக் காட்டின. நம் பாலவாகட நூல்கள் மாந்தத்தைப் பல வகைகளாகப் பிரித்துரைத்தன. ஏட்டில் இருந்தது லயத்துக்கு வந்தபோது இன்னும் எளிதாயிற்று. தாய் குளிர்ந்ததைத் தின்றாள்; வேளை கெட்ட வேளையில் வெளியே போனாள்; ஆகவே பால் கெட்டது. வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது, உரைமருந்து புகட்டுவது, உரம் விழுந்ததென்று துணியில் இட்டுப் புரட்டுவது, தொக்கம் எடுப்பது, கயிறு மந்திரித்துக் கட்டுவது என்று பரிகாரங்கள் பெருகின. இவற்றுள் கயிறு தீங்கற்றது. அழும் குழந்தையின் தொண்டையில் மருந்தை வார்ப்பதும், வாயில் குழல் வைத்து உறிஞ்சுவதும், கைகால்களைப் பிடித்து உலுக்குவதும் தீங்கற்றவை அல்ல.

இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. கற்றவர் பலர் நகைத்தும் இருக்கின்றனர். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் பெரட்டுக்கு ஓட வேண்டிய ஒருத்திக்கு, "பொறுத்திரு, மூன்று மாதத்தில் தானே அடங்கும்" என்னும் அறிவுரையால் பயனில்லை. அவளுக்கு வேண்டியது இன்றிரவின் உறக்கம். அதனை எவர் தருவதாகக் கூறினாலும் அவள் பெற்றுக்கொள்வாள். இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. உழைக்கும் தாய்மார் எங்கெல்லாம் குழந்தையைப் பிரிந்து வேலைக்குச் செல்ல நேர்ந்ததோ, அங்கெல்லாம் நேர்ந்த நிலை. இரு நகரங்களின் கதை இதனை விளக்கும்.

மாஞ்செஸ்டரும் பம்பாயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பஞ்சாலை வட்டாரங்களில் பெண்கள் விடியலில் ஆலைக்குச் சென்றனர். குழந்தைகள் அண்டை அயலாரிடம் விடப்பட்டன. அழும் குழந்தைகளை அடக்க "காட்ஃப்ரி கார்டியல்" என்னும் பாகு புகட்டப்பட்டது. சர்க்கரைப் பாகில் அபின் கலந்தது அது. குழந்தை அழவில்லை, பாலும் கேட்கவில்லை. உறங்கியபடியே மெலிந்து மாண்ட குழந்தைகள் பல. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பஞ்சு வரத்து நின்றது, ஆலைகள் மூடின, தொழிலாளர் பட்டினி கிடந்தனர். நிலைமையை ஆராய அரசு அனுப்பிய மருத்துவர் எட்வர்ட் ஸ்மித் வியப்புக்குரிய ஒன்றைக் கண்டார். வேலையிழந்த தாய்மாருக்கு இப்போது தங்கள் குழந்தைகளுக்கு முலையூட்ட நேரம் கிடைத்திருந்தது. அபின் பாகு குறைந்திருந்தது. பட்டினி கொடுத்த ஓய்வு, கூலி கொடுத்த உணவைவிடக் குழந்தைக்கு நன்மை செய்தது! இச்செய்தியைக் காரல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். அந்நூல் வெளிவந்தது 1867இல்.

பம்பாயின் பஞ்சாலைகள் இங்கிலாந்தின் இயந்திரங்களை மட்டும் இறக்குமதி செய்யவில்லை. ஆலைப் பெண்களின் நிலையை ஆராயப் பம்பாய் அரசு நியமித்த டாக்டர் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவர், தொழிலாளப் பெண்களின் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு அபின் கொடுக்கப்படுவதாக 1922இல் எழுதினார். தாயின் அறியாமையை அவ்வறிக்கை கண்டு வருந்தியோர் பலர். தாயின் நேரத்தைக் கேட்டோர் சிலர். அச்சிலருள் இருவரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். பேறுகாலச் சலுகைக்காக 1924இல் மத்திய சட்டசபையில் மசோதா கொணர்ந்து தோற்றவர் என். எம். ஜோஷி. 1928இல் பம்பாய் சட்டசபையில் அத்தகைய மசோதாவை ஆதரித்துப் பேசியவர் டாக்டர் அம்பேத்கர். 1929இல் பம்பாயில் பேறுகாலச் சலுகைச் சட்டம் நிறைவேறிற்று.

பெரட்டுக் களமும் தொட்டிலும்

'மூலதனம்' வெளிவந்த அதே 1867இல்தான், கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றியது. கோப்பி அழிந்தது, தேயிலை மலைகளை ஆண்டது.

இம்மாற்றம் பயிரின் மாற்றம் மட்டுமன்று. தாயின் நாளும் மாறிற்று. கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறித்து முடிந்ததும் பலர் மதுரைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் திரும்பிச் சென்றனர். தேயிலைக்கு அவ்வாறு பருவமில்லை. வாரத்துக்கொரு முறை, மிஞ்சினால் பத்து நாளுக்கொரு முறை, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும், பிந்தினால் முற்றிவிடும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்களைக் குடியமர்த்த வேண்டியதாயிற்று. பெண்ணின் விரல்கள் தோட்டத்தின் முதன்மை முதலாயின. கொழுந்தும் காத்திராது, குழந்தையும் காத்திராது. இரண்டில் எது காத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தாயிடம் இருக்கவில்லை.

விடியற்காலையில் பெரட்டுத் தப்பு முழங்கும். கைக்குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு தாய் ஓடுவாள். பிந்தி வந்தாலோ, நடுவில் நின்றாலோ, குறித்த நிறை கொழுந்து சேராவிட்டாலோ அவளுக்கு அரைப் பேர். ஒரு நாள் உழைப்புக்குத் தோட்டத்து மொழியில் "பேர்" என்று பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கூலி. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுக்கு முதலில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறாருக்கு 32 சதம். அந்த நாற்பத்து மூன்றிலும் பாதி போய்விடும் என்னும் அச்சம் ஒருபுறம். பிள்ளையின் அழுகை மறுபுறம். பெண்ணின் கூலி ஆணின் கூலிக்கு நிகரானது 1984இல்தான் என்பதையும் இங்குக் குறித்துக்கொள்வோம்.

பிள்ளை எங்கே இருந்தது? முதலில் லயத்துக் கிழவியிடமும் அக்காளிடமும். பின்னர்ப் பிள்ளை மடுவத்தில். மடுவம் ஒரு முன்னேற்றமே. ஓர் ஆயாவும் வரிசையாகத் தொங்கும் தொட்டில்களும் அங்கு இருந்தன. ஆனால் ஒரே நேரத்தில் பத்துத் தொட்டில்களை எவளால் ஆட்ட முடியும்? தாய் நின்ற மலை மடுவத்துக்கு அருகில் இருந்தால் நன்று. மேல்மலையில் நிரை பிடித்திருந்தாலோ, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து மீண்டும் ஏற வேண்டும். நெடுநேரம் பசித்திருந்த குழந்தை ஆவலோடு விழுங்கும். பாலுடன் காற்றும் உள்ளே செல்லும். ஏப்பம் வரும்வரை தோளில் வைத்திருக்கத் தாய்க்கு நேரம் இராது. தொட்டிலில் கிடத்திவிட்டு ஓடுவாள். அவள் மலையின் பாதியை ஏறுமுன் குழந்தை கக்கியிருக்கும். கக்கியதற்குக் காரணம் பாலின் குற்றமென்று அன்று மாலை அவளுக்குச் சொல்லப்படும்!

இதே தோட்டத்தில் மற்றொரு குழந்தையும் வளர்ந்தது. பங்களாவில் துரையின் குழந்தை. அது அழுதால் தூக்குவதற்கு ஓர் ஆயா இருந்தாள்; அவளும் பெரும்பாலும் லயத்திலிருந்து சென்ற தமிழ்ப் பெண்ணே. துரையின் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் அது வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. தன் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் அது வேலையன்று. அதற்குத் தண்டனை அரைப் பேர். முதலாளித்துவம் தாய்மைக்கு இட்ட விலையை இதனினும் சுருக்கமாக எந்த நூலும் விளக்குவதில்லை.

சட்டமும் வாரக் கணக்கும்

சட்டங்கள் வரவில்லையா எனின், வந்தன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாளுக்கு உணவும் உறைவிடமும் தருமாறும், அந்நாட்களில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்றும் தோட்டத் துரைமாரைப் பணித்தது. 1939ஆம் ஆண்டின் பேறுகாலச் சலுகைச் சட்டம் ஆறு வாரம் தந்தது. பேற்றுக்கு முன் இரண்டு, பின் நான்கு.

இவ்வாரக் கணக்கை முன்னர்க் கண்ட அழுகைக் கணக்கோடு ஒப்பிடுக. நான்காம் வாரம் முடிந்ததும் தாய் மலையேறுகிறாள். ஆறாம் வாரத்தில் குழந்தையின் அழுகை உச்சத்துக்கு ஏறுகிறது. குழந்தைக்குக் கைகள் மிகுதியாகத் தேவைப்படும் அந்த நாட்களிலேயே சட்டம் கைகளைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. அழுகை மிகுந்ததைத் தாயும் கண்டாள். தான் வேலைக்குத் திரும்பியதையும் கண்டாள். இரண்டையும் சேர்த்துத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். வெயிலில் நின்ற உடம்பின் சூடு பாலில் இறங்கிற்று; மழையில் நனைந்த குளிர் பாலில் சேர்ந்தது என்றெல்லாம் எண்ணினாள். அவள் கண்ட தொடர்பு பொய்யன்று. அதற்குத் தந்த விளக்கமே பொய். வேலை பாலைக் கெடுக்கவில்லை; வேலை பாலூட்டும் நேரத்தைப் பறித்தது.

பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீர்ப்படுத்தின. 1985இல் முதலிரு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வார விடுப்பு வந்தது. மூன்றாவது முதலான குழந்தைகளுக்கும் அதே அளவு கிடைத்தது 2018இல். ஓராண்டுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. மடுவம் இருப்பின் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லையெனில் ஒரு மணி. இவை எவரும் கருணையால் அளித்த கொடைகள் அல்ல. ஆயினும் இன்றும் தாய் மலையேறுவது ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில். பால் கக்குவது உச்சத்தை அடைவது நான்காம் மாதத்தில். அரை மணி என்பது மடுவத்தில் இருக்கும் நேரமா, மலையிலிருந்து இறங்கி ஏறும் நேரமும் சேர்ந்ததா என்னும் கேள்வியே ஒரு குழந்தையின் பசியைத் தீர்மானிக்கிறது.

கைகள் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. குடும்பங்கள் பிரிந்தன. தொட்டிலாட்டிய பாட்டி இராமேசுவரக் கப்பலேறினாள். பேரப்பிள்ளை இங்கே நின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டக் குழந்தைகள் பெருந்தொகையாய் மாண்டனர். அதன் பின்னர், தாய்மாரே பிள்ளைகளை விட்டு மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் காலமும் வந்தது. பங்களா ஆயாவின் கதை கடல் கடந்து நீண்டிருக்கிறது.

பழி யார்மேல்?

காலத்தைப் பறிகொடுத்த இடத்தில் கடைச்சரக்கு நுழைகிறது. வில்லியம் உட்வர்டு என்னும் ஆங்கில மருந்தாளர் 1851இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தன. நெடுங்காலம் மதுசாரமும் கலந்திருந்தது. அடுத்து வந்தது பால்மா. 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாக டப்பாப் பாலைப் பரப்புவதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆயினும் 2023இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், குழந்தைகளின் இயல்பான அழுகையையும் உறக்கமின்மையையும் குறைபாடுகளாகக் காட்டியே பால்மா நிறுவனங்கள் சரக்கை விற்கின்றன என்று எடுத்துரைத்தது. கிழவி, தாயின் பாலைக் குற்றஞ்சாட்டினாள். விளம்பரமும் அதையே செய்கிறது. ஆனால் கிழவி அதற்கு விலை கேட்கவில்லை.

தாயைப் பழிப்பதில் படித்தவரும் பாமரரும், பழைமையும் புதுமையும் ஒன்றுபடுவதைக் காண்கின்றோம். ஏன்? தாயைப் பழித்தால் வேறு எதனையும் மாற்ற வேண்டியதில்லை. பெரட்டு நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. மடுவத்தை மலைக்கு அருகே கொண்டுவர வேண்டியதில்லை. தகப்பன் கைநீட்டி வாங்க வேண்டியதில்லை.

ஆம், தகப்பனைப் பற்றியும் பேசியாக வேண்டும். தோட்டத்தில் ஆண்களின் கணக்கு வேலை பெரும்பாலும் நண்பகல் கடந்ததும் முடிந்துவிடும். பெண்கள் மாலை நான்கரை, ஐந்து மணிவரை மலையில் நிற்பர். குழந்தையின் அழுகை மிகுவதும் மாலையிலேயே. அவ்வேளையில் லயத்தில் ஓய்ந்திருக்கும் கைகள் ஆண்களுடையவை. பாலூட்ட அக்கைகளால் இயலாது; தூக்கி நிறுத்தவும் தோளில் சாய்த்து உலாவவும் இயலும். துரைமாரிடம் நேரம் கேட்டுப் போராடும் நாம், நம் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தைப் பங்கிடவில்லையெனில் அப்போராட்டம் பாதிப் போராட்டமே. அதற்கும் அரைப் பேர்தான்.

நாம் செய்யத்தக்கது

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யக்கூடியது யாது? முதலாவது, அறிவைக் கொண்டு செல்வது. நகைப்பைக் கொண்டு செல்லாதிருப்பது. "கக்குகிற பிள்ளை தக்கும்" என்னும் பாட்டியின் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாலூட்டியபின் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்திருத்தல், அடிக்கடி தூக்குதல், தாயின் பாலில் குற்றமில்லை என்று துணிந்து கூறுதல் ஆகியவை போதும். அப்பாட்டியின் சொல்லுக்கு விலக்கும் உண்டு என்பதை உடன் கூற வேண்டும். கக்குவது பச்சை நிறமாயினும், இரத்தம் கலந்திருப்பினும், பீறிட்டு அடிப்பினும், குழந்தை பாலை மறுத்தாலும், சோர்ந்து துவண்டாலும், காய்ச்சல் கண்டாலும், நிறை ஏறாதிருந்தாலும் கிழவியிடமோ கடையிலோ நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

இரண்டாவது, பாலூட்டும் இடைவேளையை ஏட்டிலிருந்து மலைக்குக் கொண்டுவருவது. தொழிற்சங்கக் கோரிக்கைகளில் கூலிக்கு அடுத்த வரியில் அது இடம்பெற வேண்டும். இறங்கி ஏறும் நேரத்தைக் கழித்து அரை மணி கணக்கிடப்படவும், பச்சிளங் குழந்தையுள்ள தாய்க்கு மடுவத்துக்கு அருகே நிரை கொடுக்கப்படவும், அவ்விடைவேளை கொழுந்து நிறையில் குறைக்கப்படாதிருக்கவும் நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது நம் வகுப்பறையைச் சார்ந்தது. வரவுப் பதிவேட்டில் ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே தொடர்ந்து விழும் சுழியங்களைச் சோம்பல் என்றும் அக்கறையின்மை என்றும் எழுதிவிடுகிறோம். அச்சுழியங்களுள் பல, வீட்டில் அழும் ஒரு குழந்தையின் பெயரால் விழுந்தவை. தாய்க்கு மறுக்கப்பட்ட அரை மணியை அவளுடைய மகள் தன் படிப்பால் ஈடு செய்கிறாள். தாய்க்குச் செக்ரோலில் அரைப் பேர். மகளுக்குப் பள்ளியில் பேரே இல்லை.

அன்று லயத்தில் அத்தாய் நம்மிடம் கேட்டதற்கு, அவள் பாலில் குற்றமில்லை என்று கூறினோம். அவள் நம்பினாளோ, அறியோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப ஏன் சேர் ஞாயித்துக்கிழமையில மட்டும் அழுவுறதில்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அவள் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. அதனை அவளுக்கும், அவளைச் சூழ நின்றோருக்கும், நமக்கும் உரத்துக் கூறுவதே இனி நம் கடமை. பிள்ளை தன் பங்கை ஆற்றிவிட்டது. அது அழுதுகொண்டுதான் இருக்கிறது. பால் அதன் வாய்க்கு எட்டும் வழியைத் திறப்பது பெரியோராகிய நம் பங்கு.